நெவில் ப்ரீஸும் முள்மரத்துப் பைகளும்

நெவில் ப்ரீஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் ஊரில் மூக்கைச் சுளிப்பார்கள். மனிதர் மேல் குற்றமில்லை, தொழில் அப்படி. இங்கிலாந்தின் இந்த ஷ்ராப்ஷயர் மலைப்பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சாக்கடை இணைப்புக் கிடையாது. தோட்டத்துக்கு அடியில் கழிவுத் தொட்டிதான். தொட்டி நிரம்பினால் நெவிலின் லாரி வரும், குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போகும். அது உறிஞ்சுகிற நேரத்தில் அவர் லாரிப் படியில் உட்கார்ந்து சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச்சைச் சாப்பிடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட அவருக்குக் குமட்டியதில்லை. அவருக்கு மூக்கு செத்துப்போச்சு என்று ஊரே சொல்லும். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிற நான் அவரோடு பதினோரு வருடம் மண் வெட்டியிருக்கிறேன். அந்த மூக்கு நன்றாகவே வேலை செய்தது என்று எனக்குத் தெரியும்.

மண் வெட்டியது எதற்கென்றால், சைக்கிள் பாதைக்கு. ஹாலோ காடு என்று ஒரு செங்குத்துச் சரிவு. அதில் மேல் கேட்டிலிருந்து கீழ் கேட் வரை மலைச் சைக்கிள்கள் இறங்க நெவில் ஒரு பாதை போட்டார். சனிக்கிழமை தவறாமல் போவோம். வளைவுகளில் சக்கரம் சாய்ந்து ஏற மண்ணைக் கரையாக அணைப்பது, மழைத்தண்ணீர் பாதையை அரித்துக்கொண்டு போகாமல் ஓரமாகத் திருப்பிவிடுவது, வேர்களுக்கு நடுவே கல் பதிப்பது. இந்தக் களிமண்ணில் ஒரு வளைவு உருப்பட ஒரு குளிர்காலம் பிடிக்கும். தண்ணீர் எங்கே போகும், எங்கே தேங்கும் என்பதில் நெவிலை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் தொழிலே அதுதானே. பாதைக்குக் 'குழாய்' என்றே பெயர் வந்துவிட்டது. முதல்முறை அதில் இறங்கியவர்கள் கீழே வந்து நின்று சிரிப்பார்கள். அதைப் பார்க்கத்தான் நெவில் கீழ் கேட்டருகே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

இப்போது அசிங்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். நாயைக் காட்டுக்குக் கூட்டிவருவார்கள். அது போனதை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் அள்ளுவார்கள். அதுவரை சரி. பிறகு அந்தப் பையை அழகாக முடிச்சுப் போட்டு மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்! கறுப்புப் பை, பச்சைப் பை, ரோஜா வாசனை பூசிய இளஞ்சிவப்புப் பை. அள்ளாமல் விட்டிருந்தால் மழையாவது கரைத்திருக்கும். பைக்குள் கட்டியதால் வெயிலில் ஊதி, பழுத்து, மாதக்கணக்கில் தொங்கும். படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், வரிசையில் ஒழுங்காக நிற்கிறவர்கள் செய்கிற காரியம் இது.

போன ஏப்ரலில் எங்கள் சைக்கிள் கூட்டத்து கிலியன், ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர், ஆறாவது வளைவில் முழு வேகத்தில் வந்தாள். சந்தோஷத்தில் வாயைத் திறந்து கத்திக்கொண்டே வந்தாள். முள்மரத்திலிருந்து ஒரு பச்சைப் பை தலைமட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பை உடைந்தது. மேற்கொண்டு எழுத என் கை வரவில்லை. ஓடையில் அரைமணி நேரம் வாயைக் கொப்பளித்தாள்.

"இனி நாய்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னீங்க, கொன்னுடுவேன்," என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார் நெவில். ஹெல்மெட் பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு ஒரு வாளியும் வந்தது. நெவில் வெறுங்கையால் பைகளைப் பறித்து வாளியில் போடுவார். தொட்டிக் கழிவைத் தொட அஞ்சாதவருக்கு, இந்தப் பைகளைத் தொடும்போது மட்டும் முகம் கோணும். "தொட்டி வச்சிருக்கறவன், 'என் அழுக்கு, எடுத்துட்டுப் போப்பா'ன்னு கூப்பிட்டுச் சொல்றான்டா. இவன் சுத்தக்காரன் மாதிரி முடிச்சு வேற போடறான்," என்பார்.

ஒருநாள் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் எங்கள் கண் முன்னாலேயே பையை மாட்டினார்.

"சார், அது என்ன அலங்காரமா?" என்று கேட்டார் நெவில்.

"கோவிச்சுக்காதீங்க. திரும்பி வரும்போது எடுத்துக்குவேன்."

"எந்த வழியா திரும்புவீங்க?"

பெரியவர் யோசித்தார். பிறகு கீழ் கேட்டைக் காட்டினார், அங்கிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு ஏறுகிற, மரம் ஏற்றும் லாரிகள் போகிற ரோட்டைக் காட்டினார். திரும்புகிற வழியில் இந்த மரமே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு, 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு நடந்தார்.

நெவில் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள்கள் மோதாமல் இருக்க, பாதையை ஒருவழியாக்கி, கீழ்நோக்கி அம்புக்குறி அடித்தது அவர்தான். நடக்கிறவர்களும் அம்புக்குறியைப் பார்த்து அதே வழியில் இறங்கினார்கள். எல்லோரும் திரும்பி வரும்போது எடுப்பதாகத்தான் மாட்டினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

இதற்குள் காட்டுக்குச் சொந்தக்காரியான மிஸஸ் லாக்டனின் கடிதம் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்துப் போட்டால்தான் பாதை இருக்கும். காட்டில் அசிங்கம் தொங்குகிறது என்று புகார் வந்ததாம், சைக்கிள்காரர்கள் கூட்டிவருகிற நாய்கள்தான் காரணமாம். ஞாயிறு பதினொரு மணிக்கு அவரே பாதையில் இறங்கிப் பார்ப்பாராம். ஒரு பை கண்ணில் பட்டாலும் கேட்டுக்குப் பூட்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவரிடமும் நாயே கிடையாது என்று பதில் எழுதினோம். பதிலுக்குப் பதில் வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க மழையில் நாலு வாளி பறித்தோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெவில் தனியாக மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிளை கிளையாகப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை என்றார்.

மிஸஸ் லாக்டன் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார், கொழுத்த லாப்ரடார் ஒன்றோடு. "வா பிஸ்கட், வா கண்ணு," என்று அதைக் கொஞ்சினார். எங்களிடம் தலையை மட்டும் அசைத்தார். வருடத்துக்கு இரண்டு முறை தன் வீட்டுத் தொட்டியைக் காலிபண்ணுகிற மனிதரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னால் அவர், பின்னால் நான், கிலியன், கடைசியில் நெவில்.

நாலாவது வளைவில் பிஸ்கட் குந்தியது. அம்மையார் கோட்டுப் பையிலிருந்து இளஞ்சிவப்புப் பை ஒன்றை எடுத்தார், அள்ளினார், முடிச்சுப் போட்டார். சுற்றுமுற்றும் பார்த்து, கைக்கு எட்டிய முள்மரக் கிளையில் மாட்டினார்.

"திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்," என்றார்.

அவருடைய காரைக் கீழ் கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக ஆள் போயாகிவிட்டது. அதைச் சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

நெவில் வாயைத் திறந்தார். நான் அவர் பூட்ஸை மிதித்தேன். ஆமாம், நான்தான் மிதித்தேன். "பதினோரு வருஷம், நெவில்," என்று காதோடு சொன்னேன். அடுத்த வளைவிலிருந்து நிமிர்ந்தால் இந்த மரம் நேர் எதிரே தெரியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தான் மாட்டியதையே எங்கள் கணக்கில் எழுதக்கூடிய ஆள் அவர். நெவில் பையைப் பறித்தார். அன்று வாளி கொண்டுவரவில்லை. தன் ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வளைவில் அம்மையார் நிமிர்ந்து எதிர்ச்சரிவை நன்றாகப் பார்த்தார். முள்மரத்தையும் பார்த்தார். தான் மாட்டிய பையின் நினைவே அவருக்கு இல்லை.

"பாத்தீங்களா? நான் நேர்ல வர்றேன்னு சொன்னதும் ஒரு பை இல்ல. அப்ப யார் வேலைன்னு தெரியுதுல்ல?"

கிலியன் நறநறவென்று பல்லைக் கடித்தாள். எனக்கும் அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. கீழ் கேட்டில் கார் நின்றது. அம்மையார் கார் பானெட்மேல் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்து, அப்படியே நிறுத்தினார்.

"கையெழுத்து போடறேன். அதுக்கு முன்னால, இத்தனை நாள் என் காட்டை நாறடிச்சதுக்கு ஒரு மன்னிப்பாவது கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

நெவிலின் வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. பை இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். அதை எடுத்து அந்தக் காகிதத்தின்மேல் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கட்டும் என்று ஒரு மனசு, வேண்டாம் என்று ஒரு மனசு. அவர் நிமிர்ந்து பாதையைப் பார்த்தார். மேலே யாரோ இரண்டு பேர் கத்திக்கொண்டே சைக்கிளில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இனிமே நடக்காது," என்றார்.

"அவ்வளவுதான் வேணும்." கையெழுத்துப் போட்டார். கையை நீட்டினார். நெவில் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் குலுக்கினார். பிஸ்கட் மட்டும் அவர் பாக்கெட்டை முகர்ந்து முகர்ந்து பார்த்து வாலாட்டியது. கார் போய்விட்டது.

கிலியன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அஞ்சு வருஷம்! நெவில், அஞ்சு வருஷம்!"

நெவில் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தார். காலையில் தின்றது, நேற்றுத் தின்றது எல்லாம் வந்தது. இருபத்தாறு வருடம் ஊர்த் தொட்டிகளின் வாயருகே உட்கார்ந்து சாண்ட்விச் தின்ற மனிதர். நான் ஓடிப்போய் அவர் முதுகைத் தடவினேன்.

"அந்தப் பையை முதல்ல தூக்கி எறிங்க நெவில்," என்றேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பையால இல்லடா," என்றார்.