பலகையில் ஏறிய மூக்கு

காலையில் கொக்குவில் றெயில் கடவையைத் தாண்டிச் சைக்கிளில் வந்த குணலட்சுமி, சந்தியில் தன்னுடைய மூக்கைக் கண்டு திடுக்கிட்டுப் போனாள். கதவளவு மூக்கு. அதற்குக் கீழே கைநிறைய மல்லிகை. கண்ணை மூடிப் பூவை முகர்ந்தபடி, விளம்பரப் பலகையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: "எங்கள் தீவு, எங்கள் பூக்கள்." முதல்நாள் பின்னேரமே ஏற்றிவிட்டார்களாம்.

காலை ஊன்றி இறங்கினாள். சைக்கிள் கூடையில் கோயிலுக்குக் கொண்டுபோகும் பூ இருந்தது.

அழகான படம்தானே, இதில் என்ன வந்தது என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். மூக்கில் வைத்து மணந்த பூ சாமிக்கு ஆகாது. இங்கே தவழுகிற பிள்ளைக்கும் அது தெரியும். குணலட்சுமியோ இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளையாருக்குப் பூக் கொடுக்கிறவள். மதிலுக்குள் இருக்கும் இரண்டு பரப்புக் காணியில் மல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை தவிர ஒரு கத்தரிக் கன்றுக்குக்கூட இடம் கொடுக்காதவள். பறிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வாள். தடிமன் பிடித்தால் செடிப் பக்கமே போகமாட்டாள். பக்கத்து வீட்டுக் கஜந்தினி ஒருநாள் குனிந்து ஒரு மொட்டை மணந்துவிட்டாள் என்று மூன்று மாதம் அவளோடு கதைக்காமல் இருந்த வீராங்கனை. இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று கேட்டுப் பாருங்கள், உங்களோடும் கதைக்கமாட்டாள்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கச் சுற்றுலாக் கந்தோர்க்காரர் வந்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல். ஹோட்டல்களில் பிளாஸ்டிக் மாலையும் பெட்டியில் வந்திறங்கும் பூவும் போதும், இனி வருகிறவர்களை இந்த மண்ணில் பூத்ததைக் கொண்டே வரவேற்போம் என்றார்கள். பத்து வருடமாக அவள் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்ததும் அதுதான். கொழும்பிலிருந்து வந்த படப்பிடிப்பாளர் றஞ்சித் அவளை வெயிலில் நிறுத்தி நூறு படம் எடுத்தார். ஒன்றிலும் திருப்தி இல்லை.

"அம்மா, சும்மா ஒருதரம் மணந்து பாருங்களேன்" என்றார்.

அவருக்கு என்ன தெரியும், பாவம்! தெரிந்தவள் அவள்தான். ஏன் மணந்தாள் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. மணந்தாள். அடடா என்றிருந்தது. அந்தப் பூவைக் கோயிலுக்குக் கொடுக்காமல் மல்லிகைப் பந்தலடியில் புதைத்தாள். அதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

கோயில் வாசலிலேயே நிர்வாகி சோமசேகரம் அவளுக்காகக் காத்து நின்றார். கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"பிள்ளை, சனம் கண்டபடி கதைக்குது. உது படத்துக்கு நடிச்சதுதானே? நடிச்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லு, காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஒரே ஒரு பொய். அதைச் சொன்னால் நாளைக்கும் அவள் பூ உள்ளே போகும். குணலட்சுமி பூக்கூடையைப் பார்த்தாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"இல்லை அண்ணை, மணந்தனான். அண்டைக்கு ஒருக்கால் மட்டுந்தான். அந்தப் பூவை இஞ்சை தரேல்லை."

"அதுக்கு முந்தி?"

"பிள்ளையாராணை, ஒருநாளும் இல்லை!"

"நான் நம்புவன். ஊர் நம்பாது." சோமசேகரம் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இனிப் பூக் கொண்டு வராதை பிள்ளை. திருவிழாவுக்குத் திருச்சியிலையிருந்து பிளேனிலை எடுப்பிக்கச் சொல்லி நிர்வாகத்திலை மற்ற ஆக்கள் ஒரே பிடியிலை நிக்கினம்."

எங்கள் பூ என்று பலகை ஏறிய மறுநாளே, எங்கள் பிள்ளையாருக்குக் கடல் தாண்டிய பூவா! அழுகையை முந்திக்கொண்டு குணலட்சுமிக்குக் கோபம் வந்தது.

"அண்ணை, அங்கை பறிக்கிறவை, கட்டுறவை, பெட்டியிலை அடுக்கிறவை, ஒருத்தரும் மணந்து பாக்கேல்லையெண்டு ஆருக்குத் தெரியும்?"



"மணந்திருப்பினம், பிள்ளை" என்றார் சோமசேகரம். "அதுக்குப் படமில்லை."