அடிப்பிடித்த வனிலா

திராசோஸ் கிரேக்க நாட்டு வோலோஸ் நகரில் ஏழாம் எண் பஸ் ஓட்டுகிறார். பயணிகளிடம் பேச மாட்டார். வீட்டிலும் அதே வழக்கம்தான். மனைவி டெஸ்பினாவிடம் அவர் மனசைத் திறப்பது வருஷத்துக்கு ஒரே தரம், அதுவும் வாயால் இல்லை. ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள்; மாதாவின் பெயரைக் கொண்ட அவளுக்கும் அதுதான் பெயர்நாள் கொண்டாட்டம். அன்று அவர் கையால் செய்த வனிலா ஐஸ்கிரீம் மேஜைக்கு வரும்.

இதில் ஒரு வில்லங்கம். திருநாளுக்கு முந்தின பதினான்கு நாளும் நோன்பு. பாலும் முட்டையும் நாக்கில் படக்கூடாது. ஐஸ்கிரீமில் இருப்பதே பாலும் முட்டையும்தான். அந்த நோன்பு, டெஸ்பினா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பிய வருஷம் அவர் எடுத்த நேர்த்திக்கடன். பதினெட்டு வருஷமாக மீறியதில்லை. ஆகவே பதினான்காம் தேதி ருசி பார்க்காமலே கிண்டுவார். கலவை படிந்த கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய பரீட்சை.

ருசி பார்ப்பது கீழ்வீட்டு ஸ்திராதிஸின் பொறுப்பு. முடிவெட்டுகிற ஆள், நோன்பும் கிடையாது, கோயிலும் கிடையாது.

வருஷா வருஷம் கிண்டுவது ஒரு பழைய தகரப் பாத்திரத்தில். இந்த வருஷம் கொழுந்தியாள் கல்லியோபி கனமான புதுப் பாத்திரம் ஒன்று கொண்டுவந்தாள். "அந்தத் தகரத்தைத் தூக்கிப் போடுங்க மச்சான், பாக்கவே சகிக்கல."

திராசோஸ் புதுப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி, வனிலாக் காயைக் கீறிப் போட்டார். சர்க்கரையோடு அடித்த எட்டு மஞ்சள் கருவில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்துக் கிண்டினார். கோடு நின்றது. ஆனால் வழக்கமான வாசனை வரவில்லை. மூன்று தரம் மோந்து பார்த்தார். காய் பழசோ? நாளைக்கு அவள் முகம் சுருங்கிவிட்டால்? வருஷத்தின் ஒரே பேச்சு ஊமையாகிவிடும். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஸ்திராதிஸ் வழித்து நக்கினார். "அருமை."

"பொய் சொல்லாத. வனிலா வாசனையே இல்லடா."

"வனிலா இருக்குடா. கரிஞ்ச வாசனைதான் இல்ல."

"எது?"

"வருஷா வருஷம் அடிப்பிடிக்க விட்டுட்டு, பெரிய இவன் மாதிரி கிண்ணத்தத் தூக்கிட்டு வருவியே, அது."

"பதினெட்டு வருஷமாவா! ஏண்டா சொல்லல?"

"சொன்னா என்னைப் பாத்துட்டு பஸ்ஸ நிறுத்தாமப் போயிடுவ. அதுவும் ஓசியில வர்றதுக்கு நொட்டை சொல்வாங்களாடா?"

திராசோஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாசனையைத்தான் அவர் வனிலா என்று நம்பியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெஸ்பினாவுக்கு மூன்று வாரம் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. முதன்முதலில் தங்கியது அவருடைய ஐஸ்கிரீம்தான். அன்றைக்கும் அதே தகரம். அப்படியானால் அன்றைக்கும் கரிந்ததுதான். அவள் கிண்ணத்தைச் சுரண்டிய சத்தம் அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மேலே போய், தொட்டிக்கு அடியில் கிடந்த தகரத்தை எடுத்தார். ஒரு டம்ளர் பால் ஊற்றி, தீயை முழுசாகத் திருப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிண்டாமல் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. வாசனை கிளம்பியதும் பாலை வடிகட்டிப் புதுப் பாத்திரத்தில் கலந்தார். ஆறவைத்து, உறையப்போட்டு, அரைமணிக்கு ஒரு தரம் எடுத்துச் சாயங்காலம்வரை முள்கரண்டியால் அடித்தார்.

மறுநாள் விருந்தில் கல்லியோபி, "பாத்தீங்களா மச்சான், பாத்திரம் நல்லதா இருந்தா கைமணம் தானா வரும்," என்றாள். டெஸ்பினா வாயைத் திறக்கவில்லை, சாப்பிடத் திறந்ததைத் தவிர. இரண்டாவது கிண்ணத்தையும் சுரண்டினாள்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவப் போனவள் தகரத்தின் அடியில் புதுக் கருகலைக் கண்டாள். தேய்த்துக் கழுவி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். புதுப் பாத்திரத்தில் மறுநாள் சமைக்க பீன்ஸை ஊறப்போட்டாள்.

"ஏன்க்கா, என் பாத்திரத்துலயா பீன்ஸு?" என்றாள் கல்லியோபி.

"ஆமாடி. ஐஸ்கிரீமுக்குத்தான் பாத்திரம் இருக்கே."