சாய்ந்து நின்ற படுதா

சுருட்டுப் படுதாவின் அடியில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் சுற்றி வரும் கயிறுகள் மேலே கப்பியில் ஏறி, மேடையின் இரு பக்கமும் இறங்கும். வலப்பக்கக் கயிறு என் வீட்டுக்காரருடையது, இடப்பக்கம் என்னுடையது. இருவரும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் துணி கீழிருந்து நேராகச் சுருண்டு ஏறும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் பிழைப்பு. நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுகிற எனக்குத் துணிக்குப் பின்னால் நிற்கிற வேலை பொருந்திப்போனது.

போன வருடம் தவக்காலத்துக்கு முன்னால் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கைப்பிடி திரும்பவில்லை.

“யாருகிட்டயும் சொல்லிப்போடாதே அம்மணி” என்றார்.

அந்தக் கயிறும் போய்விட்டால் அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நான் சொல்லவில்லை.

அந்தத் தவக்காலத்தில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைச் சொல்லும் நாடகத்துக்கு ஒத்திகை. முதல் படுதாவை அவர் இழுத்த வேகத்துக்கு நானும் மெதுவாகவே இழுத்தேன். நேராக ஏறியது. நாடகம் நடத்தும் வாத்தியார் கை தட்டினார்.

“அருமைங்க! இந்த நிதானந்தான் வேணும். ஆனா கடைசிப் படுதா மட்டும் சட்டுனு ஏறோணுமுங்க. சிலுவை பளிச்சுனு தெரியோணும்.”

எதிர்ப்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிதானித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிப் படுதாவுக்கு விளக்குச் சைகை வந்ததும், வாத்தியார் சொன்னபடி வேகமாக இழுத்தேன். என் முனை ஏறியது. அவர் முனை பாதியில் நின்று, கயிறு நழுவிச் சரிந்தது. படுதா கோணலாக, சிலுவையில் நின்றவரின் நெஞ்சுக்குக் குறுக்கே தொங்கியது.

“ஏனுங்ணா, நான் உயிர்த்தெழுற வரைக்கும் இப்படியேதானுங்களா?” என்றார் சிலுவையில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அத்தனை பேரும் பார்க்க மேடையைக் கடந்து என் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் விரல்கள் கயிற்றைச் சுற்றி மடங்கியே இருந்தன. பிடிதான் இல்லை. ஒவ்வொரு விரலாக விரித்துக் கயிற்றை வாங்கிக்கொண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“கைக்கு என்னாச்சுங்க?” என்றார் வாத்தியார்.

“நாளைக்கு என்ர மச்சினனை வரச் சொல்றேனுங்க. நல்லா இழுப்பான்” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கினார்.

நாடகத்தன்று அவர் வரவில்லை. என் தம்பி இழுத்தான். சிலுவை தெரிந்ததும் ஜனங்கள் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நேரா ஏறுச்சா?”

“ஏறுச்சுங்க” என்றேன்.