தறிச் சத்தத்தில் பழகிய நாய்

பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"நாயக் கூட்டிட்டு வரலாமா?"

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து, அடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் கிடைத்த நீண்ட விடுப்பில் திருச்சுழிக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு அங்கே மளிகைக்கடை. பெண் வீட்டார் பந்தல்குடி. அவளுடைய அப்பா தூத்துக்குடி ரோட்டோரத்தில் லாரிக்காரர்களுக்குக் கயிறு, தார்ப்பாய், பல்பு, டியூப் விற்கிற கடை வைத்திருந்தார். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, எங்கள் இருவரையும் கடைக்குப் பின்னால், தார்ப்பாய்களை அடுக்கியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசவிட்டார்கள்.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு நாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவலை நிறம். ஒரு காது மடங்கியிருந்தது. பின்னங்கால் ஒன்று கோணல். குட்டியாக இருந்தபோது லாரிச் சக்கரத்தில் மாட்டி எலும்பு முறிந்ததாம். மூங்கில் சிம்பு வைத்து, பழைய டியூப் ரப்பரால் கட்டி, இவளே தேற்றியிருக்கிறாள். அதற்குப் பேர் கிடையாது. "ஏலே" என்றால் வரும்.

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா எப்படி? முடியுமா, முடியாதான்னு சொல்லுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, யாருக்கும் சங்கடம் இல்ல. அது என்னைய நம்பி இருக்கு."

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. முடியும் என்று சொன்னேன். நாயை விமானத்தில் ஏற்றுவார்களா என்பதே எனக்கு அப்போது தெரியாது. கல்யாணம், புது ஊர், புது வீடு என்று ஆனால் மறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கல்யாணமான நாலாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அந்த ஊர்ல நாய் எறங்கணும்னா யாருகிட்ட அனுமதி வாங்கணும்?" தெரியாது என்றேன். "தெரிஞ்சவுக யாரு?" என் தலைமையாசிரியரைக் கேட்கலாம் என்றேன். எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கிறவரை எதிரிலேயே இருந்து, ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

விஷயம் இரண்டே நாளில் திருச்சுழி முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், "என்ன வாத்தியாரே, நாய்க்கு ஜன்னல் சீட்டா?" என்றார்கள். அம்மா அடுப்படியில் முகம் கொடுக்காமல், "இங்க மனுசங்களே பிளேனக் கண்ணால பாத்ததில்ல" என்றாள். நான் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டேன். அவளோ யார் எது கேட்டாலும் நின்று பதில் சொன்னாள். "ஆமாங்க, கூட்டிட்டுத்தான் போறேன். பெட்டிக்குள்ள வச்சு ஏத்துவாகளாம்." கிண்டல் செய்ய வந்தவர்களும் பெட்டி எவ்வளவு பெரிசு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். மருந்து அவரிடம் இல்லை. மதுரையில் வாங்கி, சூடுபடாமல் கொண்டுவர வேண்டும். வெயில் கொளுத்துகிற நாட்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். சாமி கும்பிட்டதும் உண்மைதான். திரும்பும்போது அவள் மடியில் ஒரு பெரிய வாயுள்ள பிளாஸ்க் இருந்தது. ஐஸ் கம்பெனி ஒன்றில் கேட்டு வாங்கி உடைத்துப் போட்ட ஐஸ். நடுவே மருந்துக் குப்பி. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டாள். டாக்டர் திறந்து பார்த்தபோது ஐஸ் பாதிகூடக் கரைந்திருக்கவில்லை. "எங்க ஆளுகளே இவ்வளவு பத்திரமாக் கொண்டுவர மாட்டாங்க" என்றார். சர்டிபிகேட்டில் நாயின் பேர் என்று ஒரு இடம் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஆங்கிலத்தில் "ஏலே" என்றே எழுதினார்.

அடுத்தது பெட்டி. நாய் உள்ளே நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் இருக்க வேண்டும் என்று விமானக் கம்பெனியிலிருந்து பதில் வந்திருந்தது. அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்த லாரி பாடி கட்டுகிறவர் தானே செய்து தருவதாகச் சொன்னார். செய்தும் கொடுத்தார். லாரிப் பலகை, நாலு மூலைக்கும் இரும்புப் பட்டை, பச்சை பெயிண்ட். முகப்பில் திருஷ்டிக்கு ஒரு பூதத்தின் முகம்கூட வரைந்திருந்தார். நாலு பேர் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. மாமனாருக்கு ஒரே பெருமை. அவள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. இதுல நாயி போகும், பிளேன் போகாது."

அவர் முதலில் முறைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். டீத்தூள் வருகிற மெல்லிய பலகைப் பெட்டிகளை என் அப்பாவின் கடையிலிருந்து அவளே கேட்டு வாங்கி வந்தாள். அதுவரை பட்டும் படாமல் இருந்த அப்பா, "நல்ல பெட்டியாப் பாத்து எடு தாயி" என்று உள்ளே போய் இரண்டு பெட்டிகளைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். லாரி பாடிக்காரர் அந்தப் பலகைகளில் இன்னொன்று செய்தார்: மெல்லிய சட்டம், மூன்று பக்கமும் காற்றுத் துளைகள், முன்னால் கம்பி வலை. புதுப் பெட்டியை ஒரு ஆள் தூக்கலாம்.

இடையில் ஒரு நாள் போகிற போக்கில் என்னைக் கேட்டாள். "பிளேனுக்குள்ள சத்தம் எப்படி இருக்கும்?"

"தறி ஓடுற ஷெட்டுக்குள்ள நின்னா எப்படி இருக்கும், அப்படி" என்றேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

ஆடி பிறந்தது. வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவள் பந்தல்குடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு, நாயோடும் பெட்டியோடும் அருப்புக்கோட்டையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தை வீட்டுப் பின்கட்டில் எட்டு விசைத்தறிகள் ஓடின.

அவள் அங்கே இருந்த நாட்களில்தான் திருச்சுழி விலாசத்துக்கு ஜாம்பியாவிலிருந்து கவர் வந்தது. உள்ளே நாயை இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு. தலைமையாசிரியர் எனக்காக இரண்டு ஆபீசுகளுக்கு அலைந்து வாங்கி அனுப்பியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு, மடித்து, என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். வரவில்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எட்டாம் நாள், எதற்கென்று எனக்கே தெளிவில்லாமல், அந்தக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தறி ஷெட்டுக்குள் நுழைந்தால் காது அடைத்தது. எட்டுத் தறிகளும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு வரிசைக்கும் நடுவே தரையில் அந்தப் பெட்டி. பக்கத்தில் அவள் இல்லை. தூரத்தில், வாசலுக்கு வெளியே, நாயின் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா என் காதருகே வந்து கத்திச் சொன்னார். "மொத நாளு கெடந்து நடுங்குச்சு தம்பி. இந்தப் பிள்ள வலைக்குள்ள கையவிட்டுக்கிட்டு கால்மணி நேரம் ஒக்காந்திருந்துச்சு. மறுநாளு கைய எடுத்திருச்சு. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளிப் போயி, இப்ப வாசலுக்கு வெளியவே போயிருச்சு. இனி தறி நின்னாத்தான் நாயி முழிக்கும்."

குனிந்து பார்த்தேன். நாய் கோணல் காலை நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அம்மா சொன்ன மாதிரியே, அமைதி வந்ததும் நாய் தலையைத் தூக்கி மிரண்டு பார்த்தது. ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் அவளிடம் கவரைக் கொடுத்தேன்.

"வந்து ஒரு வாரமாச்சு" என்றேன்.

"தெரியும். திருச்சுழி போஸ்ட்மேன் இங்க டவுனுக்கு வந்தப்பச் சொன்னாரு. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டி வந்திருக்குன்னு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களாத் தருவீங்கன்னு நெனச்சேன்." சீட்டைப் பிரித்து வரிவரியாகப் பார்த்தாள். "தராமப் போயிருந்தா நானே எழுதி வேற ஒண்ணு வாங்கியிருப்பேன். ஒங்க ஹெட்மாஸ்டர் அட்ரஸ நோட்டுல எழுதித்தான் வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஒரு வாரத்தைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு சொல் பேசியதில்லை. இவளோடு வாழக் கிடைத்தது என் பாக்கியம் என்று முதன்முதலாகத் தோன்றியது அந்தத் தறி ஷெட்டு வாசலில்தான்.

அன்றிலிருந்து நானும் அவள் கட்சி. "சத்தம் பழகிருச்சு. ஆட்டம் பழகலையே" என்றாள். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றப் போகிற காலி லாரியில் பெட்டியைக் கட்டி, நாங்கள் இருவரும் கேபினில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். "தாயி, எங்கல்யாணத்துக்குக்கூட எம்பொண்டாட்டி லாரியில ஏற மாட்டேன்னுட்டா" என்றார் டிரைவர். எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது, சேலையைச் செருகிக்கொண்டு டயரில் கால்வைத்து ஏறிப் பார்த்தாள். நாய் வாந்தி எடுத்திருந்தது. அடுத்த முறை கிளம்புவதற்கு அரை நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தினாள். வாந்தி இல்லை. மூன்றாம் முறை லாரியைப் பார்த்ததும் நாய் தானாகப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கிளம்பினோம். விருதுநகரில் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய். நாய்க்கு ரயிலின் கடைசியில், கார்டு வண்டியில்தான் இடம். வண்டி பெரிய ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் பிளாட்பாரத்தின் கடைசிவரை தண்ணீரோடு ஓடி, காட்டிவிட்டு ஓடி வருவாள். ஆந்திராவில் ஒரு ஸ்டேஷனில் அவள் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் அபாயச் சங்கிலிக்குக் கீழே நின்று, இழுப்பதா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஸ்டேஷனில் சாவகாசமாக நடந்து வந்தாள்.

"கார்டு கையப் பிடிச்சு ஏத்திவிட்டுட்டாரு. நல்ல மனுசன். அவுக வீட்டுலயும் நாயி இருக்காம்."

"அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது. நாயப் பத்திப் பேசப் பாஷை எதுக்கு?"

பம்பாயில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஒரு அதிகாரி பெட்டியைச் சுற்றிவந்து, தண்ணீர்ப் பாத்திரம் எங்கே என்றார். நான் இந்தியும் இங்கிலீஷுமாகத் தடுமாறிக்கொண்டிருக்க, அவள் மூட்டையை அவிழ்த்து, கல்யாணத்துக்கு என் சித்தப்பா பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தாள். பந்தல்குடிக் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பியால் வலையோடு சேர்த்துக் கட்டினாள். அதிகாரி அசைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு அது முதல் விமானம். எழும்பியபோது என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். "இதுக்கு அடியிலதான இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். இறங்குகிறவரை காலை எடுக்கவில்லை.

ஜாம்பியாவில் லுசாகா விமான நிலையத்தில் கால்நடை அதிகாரி உயரமான ஒரு பெண்மணி. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு முத்திரைகூடக் குறையவில்லை. படிவத்தில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. என்ன ஜாதி நாய் என்று கேட்டார். எங்கிருந்து வருகிறது என்று கேட்பதாக இவள் எடுத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "பந்தல்குடி" என்றாள். அந்த அம்மாள் எழுத்துக்கூட்டிக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டார். கதவைத் திறந்ததும் நாய் வெளியே வந்து சோம்பல் முறித்தது. முதலில் அவளை முகர்ந்தது, பிறகு என்னை. பிறகு ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தைத் தேடிப்போய் வெகுநேரம் காலைத் தூக்கி நின்றது.

மூன்று வருஷம் அங்கே இருந்தும் எனக்குப் பள்ளிக்கூடமும் நாலு இந்தியர் வீடுகளும்தான் தெரியும். அவள் காலையும் மாலையும் நாயோடு நடந்து மூன்றே மாதத்தில் தெருவையே தெரிந்துகொண்டாள். நொண்டி நாயைப் பார்த்து நின்றவர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு முன்பே அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டாள். நாலைந்து வருஷம் கழித்து, வெளிநாட்டுச் சரக்குகளைக் கஸ்டம்ஸில் எடுத்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாள். படிவங்களைப் பார்த்து மலைக்காத ஆள் என்று அந்த முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாயும் கூடவே போய் மேஜைக்கடியில் படுத்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது முதுமையில் செத்தது. அன்று நான் பள்ளியில் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். அவளுடைய ஆபீசில் வேலை செய்த மூன்று பேர் வந்து வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அந்த மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் குழாயடியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "அந்த மூணு பேரும் மத்தியானத்துலருந்து சாப்பிடல" என்று எழுந்து உள்ளே போனாள்.