பேட்டை வரைக்கும் ஒரு சிகரெட்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்றுதானே, அதைக் கெட்ட பழக்கம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிடிக்கத்தான் இடமில்லை. வீடு மலையாள தேசத்துத் தலைநகரில், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில். வாசலில் தும்மினால் தெருக்கோடியில் கஷாயம் வைத்துவிடுவார்கள். ஆபீஸில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். சாலைக் கடைத்தெருவிலோ அரிசிக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஆகவே ஆபீஸ் விட்டதும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, தெரிந்த முகமே இல்லாத பேட்டைக்குப் போய்ப் பிடித்தேன். போக வர பஸ் காசு சிகரெட்டைப் போல இரண்டு மடங்கு. புகைக்குத் துணையாக ஒரு சாயா, வாசனையை மறைக்க ஒரு வாழைப்பழம், அதற்கு மேலும் சந்தேகமாக இருந்ததால் இரண்டு மிட்டாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் ஓடிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு ஊறுகாய் பாட்டிலை என் முன்னால் கவிழ்த்தாள். துவைக்கும்போதெல்லாம் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்த பஸ் டிக்கெட்டுகள்.

"நடக்கப் போறவாளுக்கு டிக்கெட் எதுக்காக்கும்? பேட்டையிலே நீங்க எறங்கறதைப் பாத்தவாளும் இருக்கா. அங்கே ஆரு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துவிட்டேன், அதைப் போல மடத்தனம் வேறில்லை. "சிகரெட்டுடீ! வெறும் சிகரெட்!"

அவள் நம்பவில்லை. மறுநாள் இருவருமாகப் பஸ் ஏறினோம். பெட்டிக்கடைக்காரர் என்னைக் கண்டதும், கேட்காமலேயே ஒரு சிகரெட், ஒரு பழம், இரண்டு மிட்டாய் எடுத்து வைத்தார். சாருக்கு தினமும் இதுதான் என்று மலையாளத்தில் அவளிடம் பெருமையாகவும் சொன்னார்.

அவள் அங்கேயே நின்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "பகவானே! ஒரு வாஷிங் மெஷினையாக்கும் ஊதித் தள்ளியிருக்கேள்!"

நான் அசடு வழிந்தேன். தலை தப்பியது என்றுகூட நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் டிக்கெட்டுகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மெஷின் கெடக்கட்டும். ஒண்ணரை வருஷமா அங்கே ஒருத்தி இருக்கான்னே நெனச்சுண்டிருந்தேன்."

"அப்பவே கேக்கப்படாதா?" என்றேன்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டேள்னா?"