வெட்டிப்போட்ட நீல நூல்

எங்கள் சபையில் ஊசியக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய சட்டைத் தோளில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். அதன் வாலில் ஒரு முழம் நூல் தொங்கும். ஆராதனைக்கு வரும்போதும் அப்படித்தான். யாருடைய பொத்தான் எப்போது அறும் என்று யாருக்குத் தெரியும் என்பார். பாஸ்டர் பிரசங்கிக்க ஏறுவதற்கு முன்னால், அவரை அப்படியே நிற்கவைத்து அங்கியில் இரண்டு தையல் போட்டு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவரைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் எழுத வேண்டும், ஜெபிக்கிற தாயார் என்று எழுத வேண்டும் என மூப்பர்கள் சொன்னார்கள். அக்காவிடம் போய்க் கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"எழுதுறதா இருந்தா அந்த நூல் விஷயத்தையும் எழுதுங்க. அதை விட்டுட்டு எழுதுறதா இருந்தா எழுதவே வேண்டாம்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கடை ஒரே அறை. அதில் பாதி அவருடைய கணவருக்கு. அவர் பூட்டுச் சரிசெய்கிறவர். அந்தப் பக்கம் சாவி அராவும் சத்தம், இந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம். அக்கா புதுத்துணி தைப்பதில்லை. கால்சட்டை நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், உடம்பு வைத்தவர்களுக்குப் பக்கத்தைப் பிரித்துவிடுவார். ஊரில் யார் பெருத்தார், யார் இளைத்தார் என்பது டாக்டரைவிட என் வீட்டுக்காரிக்குத்தான் முதலில் தெரியும் என்று கணவர் கேலி செய்வார்.

துணி கொடுக்க வருகிறவர்கள் கூடவே மனசிலிருப்பதையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அக்கா அளவெடுத்துக்கொண்டே கேட்பார். கடைசியில், ஜெபிக்கிறேன் என்று சொல்வார். மறந்துவிடக் கூடாதே என்று, கையிலிருக்கிற நூலில் ஒரு துண்டை வெட்டி, மெஷின்மேல் நூற்கண்டு நிற்கும் கம்பியில் முடிச்சுப் போடுவார். மத்தியானம் கடை ஓய்ந்ததும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளுக்காக ஜெபிப்பார். பிறகுதான் அவிழ்ப்பார். ஆரம்பத்தில் இது உண்மையாகவே நடந்தது. அதனால்தான் சபையில் அவருக்கு அப்படி ஒரு பேர்.

பிறகு சபை பெருகிற்று. வேலையும் பெருகிற்று. ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் கையைப் பிடித்து, ஜெபத்துல நினைச்சுக்கோங்கக்கா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஜெபிக்கிறேன் என்ற வார்த்தை மட்டும் எண்ணெய் விட்ட மெஷின் மாதிரி ஓடியது. ஜெபம் ஓடவில்லை. கம்பியில் முடிச்சுகள் சேர்ந்து குருவிக்கூடு மாதிரி ஆகும். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, கர்த்தாவே இவங்க எல்லாரையும் பாருங்க என்று சொல்லி முடித்துவிடுவார். எது யாருடைய நூல் என்று அவருக்கே தெரியாது. முதலில் மனசு குத்தியது. குத்தக் குத்த அதுவும் பழகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் டிரைவரின் மனைவி கடைக்கு வந்தாள். அவர்களும் எங்கள் சபைதான். அவள் கையில் துணி எதுவும் இல்லை. அவள் கணவருக்கு ஒரு கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். சரியாகாவிட்டால் இனி வண்டி ஓட்ட விடமாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"உள்ள அவர் படுத்திருக்கிற நேரத்துல நீங்க முழங்கால்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சா, நான் வெளியில தைரியமா உட்கார்ந்திருப்பேன்க்கா" என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கவலைப்படாம போ தங்கச்சி, அந்த நேரத்துக்கு நான் கடையையே திறக்கமாட்டேன் என்றார். அவள் கண்முன்னாலேயே நீல நூலில் ஒரு துண்டை வெட்டி முடிச்சும் போட்டார். அப்போது அதை மனசாரத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஹோட்டல்காரர் பணியாளர்களின் கோட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாவற்றுக்கும் கையைத் தோளில் பிரித்து நீளம் குறைக்க வேண்டும், மறுநாள் மத்தியானத்துக்குள் வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அக்கா கடையைத் திறந்துவிட்டார். அவசரத்தில் ஒரு கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹோட்டல்காரர் போன் செய்து ஆயிற்றா என்று கேட்க, அக்காவுக்குக் கோபம் வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டார். திரும்பவும் தைக்க உட்கார்ந்தபோது கம்பியில் தொங்கிய நீல நூல் ஊசியின் நூலோடு சுற்றிக்கொண்டது. கத்தரியை எடுத்து முடிச்சோடு நறுக்கென்று வெட்டித் தள்ளிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

அது யாருடைய நூல் என்ற நினைவு அவருக்கு அன்று முழுவதும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கண்கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஞாயிறு, டிரைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல எழுந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பார்வை திரும்பிவிட்டது, டாக்டர் இனிப் பயமில்லை என்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். பிறகு, ஆபரேஷன் மேஜைமேல் படுத்திருந்தபோது கைகால் நடுங்கியது, ஊசியக்கா இந்நேரம் முழங்காலில் இருப்பார் என்று நினைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது என்றார். சபையே ஆமென் என்றது. பாஸ்டர் சந்தோஷத்தில், அக்கா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் அக்காவுக்கு நீல நூல் ஞாபகம் வந்தது.

ஆனாலும் எழுந்து நின்றார். அதைத்தான் அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறார். மறந்தது மனுஷ பலவீனம், தெரிந்த பிறகும் நின்றேனே, அது என்ன என்று கேட்கிறார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய், மெஷினுக்கு அடியில் கூட்டிப் பார்த்தார். வெட்டுத்துணிகளுக்கு நடுவில் அந்தத் துண்டு, முடிச்சு அவிழாமல் கிடந்தது.

அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். கணவரிடம் மட்டும் சொன்னார். கண்ணு நல்லா ஆயிடுச்சில்ல, அப்புறம் எதுக்கு இந்த அழுகை என்று அவர் தேற்றிப் பார்த்தார். கடைசியில் அக்கா, இந்தச் சபையே வேண்டாம், நம்மளை யாருக்கும் தெரியாத வேற சபைக்குப் போயிடலாங்க என்றார்.

"போகலாம்மா. ஆனா உன் வாயும் நம்ம கூடவேதானே வரும்?" என்றார் கணவர், சாவியை அராவிக்கொண்டே.



இரண்டு வாரமாக ஆளைக் காணோமே என்று டிரைவரின் மனைவியே கடைக்குத் தேடி வந்தாள். அவளைக் கண்டதும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். உட்காரச் சொன்னார். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த நூலை எடுத்துத் துணிமேல் வைத்தபோது, அதை எங்கேயோ பார்த்த மாதிரி அவள் பார்த்தாளாம்.

"நான் அன்னைக்கு ஜெபிக்கல தங்கச்சி. மறந்துட்டேன். கோட்டுக்குக் கை வெச்சுக்கிட்டு இருந்தேன். இது குறுக்க வந்துச்சுன்னு நானேதான் வெட்டிப்போட்டேன்."

அந்தப் பக்கம் சாவி அராவும் சத்தமும் நின்றுவிட்டது. திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம். அவளோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் ஜெபிக்கலக்கா" என்றாள். "அதான் நீங்க இருக்கீங்களேன்னு பாரத்தை உங்க மேல போட்டுட்டு, அங்க பெஞ்சிலயே தூங்கிட்டேன். நர்ஸ் வந்துதான் எழுப்பினாங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் இல்லாமலேதான் கர்த்தர் பார்த்துக்கிட்டாரு. எனக்கு இன்னும் வெட்கமா இருக்குக்கா" என்றாள் அவள்.

கடைக்கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் அங்கேயே முழங்கால் போட்டார்கள். பெரிதாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. மன்னியும் என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை என்றார் அக்கா. எழுந்திருக்கும்போது அவள் முட்டியில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. இது எனக்கு நல்லா வேணும் என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அந்த ஞாயிறே அக்கா சபைக்குத் திரும்பி வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் டிரைவர் அவ்வளவு சுலபமாகச் சிரிக்கவில்லை. மனைவி சொல்லித் தெரிந்ததும், அப்ப நான் சபையில பொய்ச்சாட்சியா சொன்னேன் என்று கேட்டாராம். அக்கா எதிரே வந்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவார். அக்கா அதற்காக வருத்தப்பட்டார், ஆனால் அவரைக் குறை சொல்லவில்லை. சபையை விட்டும் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த மௌனத்தைத் தாண்டித்தான் உள்ளே போய் உட்கார்ந்தார். அது எனக்குத் தெரியும், நான் பக்கத்துப் பெஞ்சு.

இப்போது அக்கா யாரிடமும் ஜெபிக்கிறேன் என்று சொல்வதில்லை. கேட்டவர் கையைப் பிடித்து, இப்பவே ஜெபிச்சிடலாமா என்கிறார். அது படிக்கட்டோ, மீன் கடை வரிசையோ, அவருக்குக் கவலையில்லை. அக்காகிட்ட அவசரத்துல விண்ணப்பம் சொல்லாதீங்க, பஸ் போயிடும் என்று பாஸ்டர் கேலி செய்கிறார். நூற்கம்பியில் இப்போது நூற்கண்டு மட்டும்தான் இருக்கிறது. முன்பு மொத்தமாக அவிழ்த்துப்போட்ட முடிச்சுகள் யார் யாருடையவோ என்று நினைத்தால் மட்டும் இன்னும் தூக்கம் வருவதில்லையாம்.

போன மாதம் டிரைவர் தாமே கடைக்கு வந்தார். சீருடைக் கால்சட்டை ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு ஜெபமெல்லாம் வேண்டாம்க்கா. ரெண்டு விரல் குறைச்சா போதும்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. குனிந்து அளவெடுத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரியை எடுத்தார். டிரைவர் வாசல்வரை போனவர், நின்றார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கண்ணைக் காட்டப் போகணும்" என்றார்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.