நாலு கழி

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். காரங்காட்டில் எங்கள் வள்ளத்துக்கு என் தங்கை புருஷன்தான் சுக்கான் பிடிப்பான். கடலிலிருந்து அலையாத்திக் காட்டு ஓடைக்குள் நுழையும் இடத்தில் இரண்டு கழி நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் மட்டும்தான் ஆழம். கொஞ்சம் விலகினாலும் வள்ளம் சேற்றில் சொருகிக்கொள்ளும். அவன் ஒருநாளும் விலகியதில்லை.

அன்று காலை வள்ளம் நேராகப் போய்க் கழியில் மோதியது. முன்னால் நின்ற நான் தண்ணீரில் விழப் பார்த்தேன்.

"எங்கன பாக்குற மாப்ள?" என்று கத்தினேன்.

மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "மச்சான், நாலு கழி தெரியுது. எதுக்கு நடுவுல போறதுன்னு தெரியல. வலது கண்ணுக்கு மேல ஒரே குத்து" என்றான்.

முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இடக் கண் என்னைப் பார்த்தது. வலக் கண் லேசாக வெளிப்பக்கம் விலகி நின்றது. முப்பத்தைந்து வயதுவரை நேராக இருந்த கண்.

"யார்ட்டயும் சொல்லிராத. அப்புறம் ஒருத்தன் என்னை நம்பி ஏற மாட்டான்."

நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! அவன் வலக் கண்ணைக் கையால் பொத்தி, "இப்ப?" என்றேன்.

"ரெண்டுதான் மச்சான்!"

என் துண்டைக் கிழித்து அந்தக் கண்ணை மறைத்துக் கட்டினேன். தூசி விழுந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். மறுநாள் வள்ளம் நூல் பிடித்த மாதிரி உள்ளே வந்தது. வைத்தியம் பலித்துவிட்டதாகவே நம்பினேன், மடையன்.

கண்கட்டை அவிழ்த்து மாற்றும்போது யாரோ அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார்கள். பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. மாறுகண் இருந்தால் யோகம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "மாப்பிள்ளைக்கு யோகக்கண்ணு வந்துருச்சு" என்று கேலி பேசினார்கள். அந்த வாரம் மீனும் அள்ளிக்கொண்டு வந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். "யோகத்தைப் போயி ஊசி போட்டுக் கலைக்கவா?" என்றான். நானும் சிரித்தேன். தலைவலி மட்டும் அவனை விடவில்லை.

பத்து நாள் கழித்துக் கட்டு இல்லாமல் கரைக்கு வந்தான். வலது இமை தானாக இறங்கி மூடியிருந்தது.

"துண்டு இனி வேணாம் மச்சான். ரெண்டு கழிதான் தெரியுது."

இமையை விரலால் தூக்கினேன். கருவிழி வெளி ஓரத்துக்கு ஓடியிருந்தது. "இங்கன பாரு" என்றேன். இடக் கண் மட்டும் திரும்பியது. வலக் கண்ணின் நடுக் கருப்பு அந்த வெயிலிலும் சுருங்காமல் அகலமாகக் கிடந்தது. விரலை எடுத்ததும் இமை மறுபடி மூடிக்கொண்டது.

"சரியாப் போச்சுல்ல?"

"சரியாப் போச்சு" என்றேன். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன். அதையே அவன் வீட்டுக்குப் போய் என் தங்கையிடமும் சொன்னான்.

மூன்றாம் நாள் சுக்கானைப் பிடித்தபடியே, "தலை வெடிக்குது" என்று சாய்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

டாக்டர் அந்த இமையைத் தூக்கிப் பார்த்தார். இமையைத் தூக்குவதும் கண்ணை உள்பக்கம் திருப்புவதும் ஒரே நரம்புதானாம். மூளைக்கடியில் ரத்தக் குழாய் புடைத்து அதை நசுக்கியிருக்கும் என்றார். இமை மூடியதால் இரண்டாகத் தெரிவது நின்றதே தவிர, நோய் முற்றித்தான் போயிருந்தது.

"கண்ணு விலகினப்பவே வந்திருந்தா மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். ரெண்டாத் தெரியுதுன்னு ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"இல்லைங்க" என்றேன்.

என் தங்கை இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாள்: "கண்ணு நல்லாகித்தான் போனாரு. எங்கண்ணன் கட்டுன கட்டுலதான் நல்லாச்சு." நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.